வேகம் குறைந்தால் வீடு பேசும்

('குடும்பம் சிறக்கத் தேவை வேகமா? நிதானமா?' என்ற பட்டிமன்றத்தில் 'நிதானமே!' என்னும் அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எங்களைத் தோற்கடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே டி.வி. பார்த்துக்கிட்டே காய் நறுக்கிக்கிட்டிருக்கிற சகோதரிகளே! விரலைப் பார்த்து நறுக்குங்கம்மா, நிதானமா! (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி ரொம்ப அழகாப் பேசினார். "காலையிலே எட்டரை மணிக்குள்ளே நாலு டிபன் பாக்ஸ் கட்டணும், பிள்ளையை வேன்லே ஏத்தணும், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கணும். இதிலே எங்கேயா நிதானம்? வேகம் இல்லாத வீடு விடியாத வீடு" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. முன் வரிசையிலே ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டதைக்கூடப் பார்த்தேன். போகிற போக்கிலே எங்கள் அணியைப் பார்த்து, "மாட்டு வண்டிக்காரங்கள்லாம் ஓரமாப் போங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி, நான் மாட்டு வண்டியிலே போய்ப் படிச்சவன்தான். ஆனா இன்னைக்கு நான் பேசப்போறது வேறொரு வண்டியைப் பத்தி. அந்த வண்டிதான் எனக்குப் புத்தி சொல்லுச்சு.

நடுவர்: பேராசிரியரே, குறள் ஏதும் வருமா?

வராதுங்கய்யா. தமிழ்ப் பேராசிரியர்னா குறள் சொல்லணும், கம்பன் சொல்லணும்னு ஒரு சட்டம் இருக்கு. இன்னைக்கு அந்தச் சட்டத்தை மீறப் போறேன். ஒரு எவர்சில்வர் தட்டு சொன்னதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன். (சிரிப்பு)

2018-ஆம் வருஷம், ஜூன் மாசம். என் பொண்ணு கனடாவிலே வான்கூவர் நகரத்திலே இருக்கா. மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை. "அப்பா, நீங்க எப்பப் பார்த்தாலும் பட்டிமன்றம், பட்டிமன்றம்னு ஓடறீங்க. அம்மா ஒரு எடமும் பார்த்ததில்லை. ரெண்டு பேரும் வாங்க. வீட்டோட ஊர் சுத்தலாம்" என்றாள். 'வீட்டோட' என்றதும் குடும்பத்தோடன்னு நெனச்சேன். போன பிறகுதான் தெரிஞ்சுது, நெசமாவே வீட்டோட!

மோட்டார் ஹோம்னு சொல்றாங்க. நம்ம ஊரிலே சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போட்டுக்கிற கேரவன் பார்த்திருப்பீங்களே, அந்த ஜாதி. லாரி மாதிரி ஒரு வண்டி. அதன் முதுகிலே ஒரு வீடு. உள்ளே அடுப்பு இருக்கு, கேஸ் சிலிண்டர் இருக்கு, பிரிட்ஜ் இருக்கு, ரெண்டு கட்டில் இருக்கு, குளியலறை இருக்கு, கக்கூசும் இருக்கு. அடியிலே மூணு தொட்டி. ஒண்ணு நல்ல தண்ணிக்கு. ஒண்ணு பாத்திரம் கழுவுன தண்ணிக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. (சிரிப்பு)

என் வீட்டுக்காரி உள்ளே ஏறி அடுப்பைத் தொட்டுப் பார்த்தா. அலமாரியைத் திறந்து மூடினா. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னா. "ஏங்க, முப்பது வருஷமா நீங்க ஊர் ஊராப் போனீங்க, நான் வீட்டிலேயே இருந்தேன். இப்பத்தான் முதல் தடவையா உங்ககூட வீடும் வருது" என்றாள். நான் சிரிச்சேன். நீங்களும் சிரிக்கிறீங்க. அவ சிரிக்கலை. அதை நான் அப்போ கவனிக்கலை.

வான்கூவரிலேருந்து விமானத்திலே வைட்ஹார்ஸ்னு ஒரு ஊருக்குப் போனோம். கனடாவின் வடமேற்கு மூலையிலே யூகான் என்ற பகுதியின் தலைநகரம். அங்கே வண்டியை வாடகைக்கு எடுத்து, அலாஸ்கா நெடுஞ்சாலையிலே அமெரிக்க எல்லை வரைக்கும் போயிட்டுத் திரும்பறதா திட்டம்.

வண்டி கொடுத்தவர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். ஓடும்போது கேஸ் வால்வை மூடி வையுங்க. அலமாரிக் கொக்கியை ஒவ்வொண்ணாப் பாருங்க. கனமான சாமானைக் கீழே வையுங்க. பின் சக்கரத்துக்குப் பின்னாலே வீடு ரொம்ப நீளமா நீட்டிக்கிட்டிருக்கு, மேட்டிலே ஏறி இறங்கினா வால் இடிக்கும். வழியிலே ரோடு கெட்டுக் கிடக்கும், மெதுவாப் போங்க. மாப்பிள்ளை எல்லாத்துக்கும் தலையை ஆட்டினார். நம்ம கல்லூரியிலே கடைசி பெஞ்ச் மாணவன் தலையாட்டுவானே, அதே ஆட்டு! (சிரிப்பு)

மாப்பிள்ளை தங்கமானவர். ஒரே ஒரு குறை, அவரும் எதிரணி. கையிலே ஒரு அட்டவணை வச்சிருந்தார். 9 மணிக்குக் கிளம்பணும், 11 மணிக்கு ஹெயின்ஸ் ஜங்ஷன், 1 மணிக்கு ஏரிக்கரையிலே சாப்பாடு, சாயந்திரம் எல்லை. அந்த ஊரிலே ஜூன் மாசம் ராத்திரி 11 மணிக்கும் வெளிச்சம் இருக்கு. "சூரியனே ஓவர்டைம் பார்க்குது மாமா, நாம எதுக்கு நிக்கணும்?" என்றார்.

அந்த ரோட்டின் கதையைச் சொல்லணும். எதிரணிக்கு ரொம்பப் பிடிச்ச கதை அது. 1941 டிசம்பரிலே ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்து அலாஸ்காவுக்கு ஆபத்து வரலாம்னு அமெரிக்கா பயந்தது. அலாஸ்காவுக்குத் தரை வழி கிடையாது. 1942 மார்ச்சிலே ஆரம்பிச்சாங்க. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்கள். அவர்களிலே மூணிலே ஒரு பங்கு கறுப்பினத்தவர். காடு, மலை, சேறு, கொசு, கடுங்குளிர் எல்லாத்தையும் தாண்டி, சுமார் எட்டே மாசத்திலே 2,000 கிலோமீட்டருக்கும் மேலே ரோடு போட்டுட்டாங்க. 1942 நவம்பர் 20-ஆம் தேதி க்ளுவானி ஏரிக்கு மேலே ஒரு மேட்டிலே திறப்பு விழா.

எதிரணித் தம்பி உடனே, "பார்த்தீங்களா வேகத்தை!" என்று எழுந்திரிப்பார். உட்காருங்க தம்பி. மீதியைக் கேளுங்க.

அந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மேலே பாசியும் புல்லும் மெத்தை மாதிரி மூடியிருக்கும். அதுக்குக் கீழே கோடையிலும் உருகாம மண்ணும் பனிக்கட்டியும் இறுகிக் கிடக்கும். அந்தப் பாசி ஒரு போர்வை. வெயில் உள்ளே போகாமத் தடுத்துக்கிட்டிருக்கு. புல்டோசர் என்ன பண்ணுச்சு? நம்ம ஊரிலே ரோடு போடற மாதிரி போர்வையை வழிச்சு எறிஞ்சுது. அடியிலே இருந்த பனி உருகிடுச்சு. தரை சேறாச்சு. வண்டி வண்டியாப் புதைஞ்சுது. அப்புறந்தான் புரிஞ்சுது. பாசியைத் தொடாம விட்டுட்டு, அதன் மேலே மரங்களை வெட்டிக் குறுக்கே வரிசையா அடுக்கி, அதுக்கு மேலே மண் கொட்டினாங்க.

போர்க்காலம், அவசரம். அந்த வீரர்களை நான் குறை சொல்லலை, கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா இன்னைக்கும் வடக்குக் கோடியிலே அந்தப் பனி கொஞ்சம் கொஞ்சமா உருகிக்கிட்டேதான் இருக்கு. கோடையிலே ரோடு உள்வாங்குது, குளிர்காலத்திலே தண்ணி உறைஞ்சு ரோட்டை மேலே தூக்குது. வருஷா வருஷம் வெட்டுறாங்க, நிரவுறாங்க, மறுபடி போடறாங்க. எட்டு மாசத்திலே போட்ட ரோடுய்யா, எண்பது வருஷமா ரிப்பேர்! (பலத்த கைதட்டல்)

எத்தனை வீட்டிலே இது நடக்குது? ஒரு நிமிஷ அவசரத்திலே ஒரு சொல்லை விட்டுடறோம். மேலே இருந்த போர்வையை வழிச்சு எறிஞ்சுடறோம். அப்புறம் ஆயுசு பூரா ரிப்பேர் பார்க்கிறோம்.

கதைக்கு வர்றேன். ஹெயின்ஸ் ஜங்ஷன் வரைக்கும் ரோடு நல்ல ரோடு. க்ளுவானி ஏரி வந்தது. அந்தப் பச்சையும் நீலமும் கலந்த தண்ணியைச் சொல்ல எனக்குத் தமிழ் போதலை. ஆனா அட்டவணையிலே அதுக்கு இருபது நிமிஷம்தான் போட்டிருந்தது. அடுத்து ஒரு ஊர். பேர் டிஸ்ட்ரக்‌ஷன் பே. தமிழிலே சொன்னா 'அழிவு விரிகுடா'. ரோடு போட்ட காலத்திலே புயல்காத்து அங்கே இருந்த கட்டடங்களை அடிச்சுப் போட்டதாலே அந்தப் பேர். என் வீட்டுக்காரி, "பேரே சரியில்லையே" என்றாள். நிக்காமப் போயிட்டோம். அடுத்தது பர்வாஷ் லேண்டிங். அதையும் தாண்டினோம்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க!

ரோடு கடல் அலை மாதிரி ஏறி இறங்குது. எங்கே மோசமான மேடு இருக்கோ அங்கே ஓரத்திலே சின்னதா ஒரு கொடி நட்டு வச்சிருக்காங்க. மாப்பிள்ளை 90-லே போறார். கொடி கண்ணிலே படுது, பிரேக்கிலே கால் வைக்கிறதுக்குள்ளே மேடு வந்துடுது. முன் சக்கரம் ஏறுது, இறங்குது. பின் சக்கரம் ஏறும்போது, எங்க வீடு ஆகாயத்துக்குப் போயிட்டுத் தரைக்கு வருது. வால் 'டமார்'னு ரோட்டிலே இடிக்குது. இடையிலே ரிப்பேர் நடக்கிற இடங்கள்லே தார் கிடையாது, வெறும் சரளைக் கல். அதிலே வரி வரியா, தகரக் கூரையைப் படுக்கப் போட்ட மாதிரி! அதன் மேலே போனா 'தடதடதட'ன்னு பல்லெல்லாம் ஆடுது. எனக்கு ஆடுறதுக்கு இருக்கறதே கொஞ்சம் பல்லுதான். (சிரிப்பு)

அந்தச் சத்தம் இருக்கே! சாதாரணக் கார்னா சக்கரச் சத்தம் மட்டும்தான். இது வீடாச்சே! தட்டு தட்டோட பேசுது. கரண்டி டம்ளரோட சண்டை போடுது. பிரிட்ஜ் கதவு தாளம் போடுது. நானும் மாப்பிள்ளையும் முன்னாலே. அம்மாவும் பொண்ணும் பின்னாலே மேஜைப் பக்கத்திலே பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்காங்க. நடுவிலே ஆறு அடி தூரம்தான். ஒரு வார்த்தை காதிலே விழலை.

வீட்டுக்காரி பின்னாலேருந்து கத்துறா. "மெதுவா... போ... சொல்லுங்க!" எனக்கு எப்படிக் காதிலே விழுந்துச்சு தெரியுமா? "மெதுவடை போடச் சொல்லுங்க!" நான் திரும்பி, "இந்த ஆட்டத்திலே மெதுவடையா? எண்ணெய் கொட்டிடும், சும்மா இரு" என்கிறேன். (பலத்த சிரிப்பு) கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி என்னமோ சொல்றா. கடைசியிலே "...அடைக்குதுங்க"ன்னு மட்டும் கேட்டுச்சு. தூசி வருதுன்னு சொல்றா போலிருக்குன்னு, "ஆமா ஆமா, ஜன்னலை அடைச்சுடு" என்றேன். (சிரிப்பு)

அந்த நிமிஷம் பெரிய மேடு ஒண்ணு. அலமாரிக் கொக்கி தெறிச்சுது. தட்டெல்லாம் பறந்து வருது. மதுரையிலேருந்து அவ மடியிலே கட்டிக் கொண்டாந்த அஞ்சறைப் பெட்டி கீழே விழுந்து, கடுகும் வெந்தயமும் மஞ்சள் தூளும் வீடு பூரா! மாப்பிள்ளை ஓரமா நிறுத்திட்டார்.

இறங்கிப் பார்த்தோம். ஏறுற படி வளைஞ்சு போச்சு. தண்ணிக் குழாய் கழண்டு ஒழுகுது. செல்போன் எடுத்தா சிக்னல் கிடையாது. சுத்தி மலை, ஆறு, கொசு.

கால் மணி நேரத்திலே எதிர்ப்பக்கமிருந்து ஒரு மோட்டார் ஹோம் வந்து நின்னுது. வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர், கூட அவர் சம்சாரம். எழுபது வயசு தாண்டியிருக்கும். அந்தப் பக்கம் ஒரு வண்டி ஓரத்திலே நின்னா, என்ன ஏதுன்னு கேட்காமப் போக மாட்டாங்க. பெரியவர் மண்டி போட்டுப் படுத்துக் குழாயை மாட்டிக் கொடுத்தார். அந்தப் பாட்டி உள்ளே வந்து தட்டுகளுக்கு நடுவிலே நடுவிலே துண்டை மடிச்சு வச்சாங்க. அப்புறம் ரெண்டு பேருமா மாப்பிள்ளைக்குச் சொன்னாங்க. மேட்டுக்கு முன்னாலேயே பிரேக் போடு, மேட்டு மேலே போடாதே. முன்னாலே போற வண்டிக்கு ரொம்பத் தள்ளிப் போ, கல் தெறிச்சுக் கண்ணாடி உடையும். பின்னாலே வர்றவன் அவசரப்பட்டா ஒதுங்கி வழி விடு. மணிக்கு ஒரு தடவை இறங்கி டயரைத் தொட்டுப் பாரு, எந்த ஆணி கழண்டிருக்குன்னு பாரு.

மாப்பிள்ளை கேட்டார், "எவ்வளவு வேகத்திலே போகலாம்?" அந்தப் பாட்டி சொன்ன பதிலைத்தான் இந்த மேடைக்கு நான் சுமந்துக்கிட்டு வந்திருக்கேன். "முள்ளைப் பார்க்காதே தம்பி. பின்னாலே உட்கார்ந்திருக்கிறவங்க சாதாரணமாப் பேசுறது உனக்குக் காதிலே விழணும். விழலைன்னா உன் வேகம் அதிகம்."

(கைதட்டல்)

நடுவர்: பேராசிரியரே, பாட்டி உங்க அணியா?

எங்க அணிதானுங்கய்யா. சம்பளம் இல்லாமப் பேசினாங்க! (சிரிப்பு)

மறுபடி கிளம்பினோம். இப்போ 40. சரளை ரோடு வந்தா 20. அந்தச் சரளை மேலே போகும்போது மாப்பிள்ளை ஒரு விஷயம் சொன்னார். அவர் இன்ஜினியர். "மாமா, இந்த வரி வரியா இருக்கே, இதை யார் போட்டாங்க தெரியுமா?" "மழை போட்டிருக்கும்" என்றேன். "இல்லை மாமா. சக்கரம்தான்" என்றார். 2007-ஆம் வருஷம் கேம்பிரிட்ஜ், டொராண்டோ, பிரான்சிலே லியோன், இந்த மூணு ஊர் விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஒரு வட்டமான மேடையிலே மணலைப் பரப்பி, மேடையைச் சுத்தவிட்டு, மேலே ஒரு ரப்பர் சக்கரத்தை உருள விட்டாங்க. மெதுவா ஓடினா மணல் சமமாவே இருக்கு. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினா, தானா வரி விழுது. ஸ்பிரிங்காலே வருதோன்னு ஸ்பிரிங்கைக் கழட்டிப் பார்த்தாங்க, அப்பவும் விழுது. சக்கரம் ஒரு சின்ன மேட்டிலே குதிக்குது, குதிச்சு விழுற எடத்திலே பள்ளம் பறிக்குது. அடுத்த வண்டி அதே எடத்திலே இன்னும் ஆழமாக் குதிக்குது. காரணம் வேகம்.

யோசிச்சுப் பாருங்க. "ரோடு கரடுமுரடா இருக்கு"ன்னு ரோட்டைத் திட்டுறோம். அந்தக் கரடுமுரடை உண்டாக்கினதே நாமதான், நமக்கு முன்னாலே போனவங்கதான். "வீட்டிலே நிம்மதி இல்லை, அதான் வெளியிலே ஓடறேன்" என்கிறான் ஒருத்தன். அப்பா, நீ ஓடின ஓட்டத்திலேதான்யா வீட்டிலே வரி விழுந்துச்சு! (பலத்த கைதட்டல்)

நான் ஊருக்குச் சொல்ற ஆள். எனக்கே வரி விழுந்ததை இப்போ சொல்லப் போறேன்.

டான்ஜெக் ஆற்றுப் பாலம் தாண்டியாச்சு. வண்டி 40-லே போகுது. தட்டுச் சத்தம் நின்னு போச்சு. எங்க வீட்டிலே அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. பின்னாலேருந்து ஒரு குரல் வருது.

"ஏங்க... கேக்குதா?"

"கேக்குதும்மா."

"முன்னாடி சொன்னேனே, காதிலே விழுந்துச்சா?"

"ஜன்னலை அடைக்கணும்னு சொன்னியே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னா. "ஜன்னல் இல்லீங்க. நெஞ்சு. நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னேன்."

(அரங்கில் அமைதி)

மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டினார். நான் பின்னாலே போய் உட்கார்ந்தேன். நெத்தியிலே வேர்வை. கையைப் பிடிச்சேன், சில்லுன்னு இருக்கு. "எப்பலேருந்து?" என்றேன். "இப்போ கொஞ்சம் தேவலை. ஆனா இது புதுசு இல்லீங்க. மூணு மாசமா இருக்கு. மாடிப்படி ஏறினா நெஞ்சிலே யாரோ கல்லை வச்ச மாதிரி இருக்கும். நின்னா போயிடும்" என்றா.

"மூணு மாசமாவா? ஏம்மா சொல்லலை?"

அவ கோபப்படலை. கோபப்பட்டிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். ரொம்ப மெதுவாக் கேட்டா. "நீங்க எப்ப நின்னீங்க, சொல்றதுக்கு?"

அய்யா, முப்பது வருஷமா மேடையிலே பேசறேன். முன்னூறு பேர் அரங்கத்திலே கடைசி வரிசையிலே ஒருத்தர் இருமினாக்கூட எனக்குக் காதிலே விழும். மைக் கொஞ்சம் கரகரன்னா கண்டுபிடிச்சுடுவேன். என் வீட்டுக்குள்ளே மூணு மாசமா ஒரு மூச்சு திணறுனது எனக்குக் கேட்கலை. ஏன்னா, ராத்திரி 2 மணிக்குப் பட்டிமன்றம் முடிச்சு வருவேன், காலையிலே 9 மணிக்குக் கல்லூரி. என் வாழ்க்கையே அந்த மோட்டார் ஹோம்தான். 90-லே ஓட்டிக்கிட்டு, தட்டுச் சத்தத்தைக் கைதட்டல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

எல்லைக்கு இன்னும் நூத்துச் சொச்சம் கிலோமீட்டர். மாப்பிள்ளை அட்டவணையை எடுத்தார். நாலா மடிச்சார். குப்பைக் கூடையிலே போட்டார். அந்தக் குறுகலான ரோட்டிலே இடம் பார்த்து, அந்தப் பெரிய வண்டியை முன்னும் பின்னுமா ஏழெட்டுத் தடவை ஒடிச்சுத் திருப்பினார்.

இப்போ எதிரணி கேட்கும். "பேராசிரியரே, நெஞ்சு வலின்னா வேகம்தானே வேணும்? நிதானமாப் போனா உசிரு நிக்குமா?" நியாயமான கேள்வி. எனக்கும் தோணுச்சு. "மாப்பிள்ளை, வேகமாப் போங்க" என்றேன். அந்த வேகக்காரப் பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? "மாமா, இதுவரைக்கும் வேகமா வந்தது போதும். பின்னாலே அத்தை படுத்திருக்காங்க. இந்த மேட்டிலே தூக்கிப் போட்டா என்ன ஆகறது? வண்டி உடைஞ்சு நின்னா போன்கூடப் பண்ண முடியாது. நிக்காமப் போறேன், ஆனா மெதுவாத்தான் போவேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அத்தைகிட்டே பேச்சுக் கொடுங்க. அவங்க குரல் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

எண்பது கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம். என் கல்யாண வாழ்க்கையிலே அவகூட நான் தொடர்ந்து ரெண்டு மணி நேரம் பேசினது அன்னைக்குத்தான். தப்பு. நான் பேசலை. அவ பேசினா, நான் கேட்டேன். எங்க கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சதைச் சொன்னா. நான் ஊரிலே இல்லாதப்போ பொண்ணுக்கு ஜுரம் வந்து, ராத்திரி தனியா ஆட்டோ பிடிச்சு ஓடினதைச் சொன்னா. அப்படி ஒரு ராத்திரி நடந்ததே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மேட்டுக்கும் மாப்பிள்ளை, "அத்தை, மேடு வருது" என்பார். அவ "ம்" என்பா. அந்த 'ம்'முக்காக நாங்க மூணு பேரும் உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்.

எந்த ஊரைப் பேர் சரியில்லைன்னு நிக்காமத் தாண்டினோமோ, அந்த அழிவு விரிகுடாவிலேதான் ஒரு சின்ன மருத்துவ நிலையம் இருந்தது. ஒரு நர்ஸ் அம்மா. உடனே ஈ.சி.ஜி. எடுத்தாங்க, மாத்திரை கொடுத்தாங்க, ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்ணினாங்க. வைட்ஹார்ஸ் ஆஸ்பத்திரி, அங்கேருந்து விமானத்திலே வான்கூவர். ரத்தக் குழாயிலே ரெண்டு அடைப்பு. ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. டாக்டர் கேட்டார், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" மாப்பிள்ளை சொன்னார், "வண்டியை மெதுவா ஓட்டினோம் டாக்டர்." அவருக்குப் புரியலை. உங்களுக்குப் புரியும்.

ஆம்புலன்ஸ் வேகமாப் போகட்டும் தம்பி, நான் தடுக்கலை. விமானம் பறக்கட்டும். ஆனா, போக வேண்டிய நோய் ஒண்ணு இருக்குன்னு காட்டிக் கொடுத்தது எது? வேகமா? அந்த 40 கிலோமீட்டர் நிதானமா? (நீண்ட கைதட்டல்)

டிபன் பாக்ஸைச் சீக்கிரம் கட்டுங்கம்மா, வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஒரு நாளைக்கு ஒரு நேரம், தட்டுச் சத்தம் நிக்கிற அளவுக்கு வேகத்தைக் குறையுங்க. டி.வி.யை அணைச்சுட்டு, இந்தப் பட்டிமன்றம் முடிஞ்ச பிறகு அணைச்சுட்டு, (சிரிப்பு) பக்கத்திலே இருக்கிறவங்களை "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. "நல்லாத்தான் இருக்கேன்"னு முதல் தடவை சொல்லுவாங்க. அது பொய். உட்கார்ந்திருந்து ரெண்டாவது தடவை கேளுங்க. அப்போதான் வீடு பேசும். அம்மாவுக்கு வலி இருக்கும், அப்பாவுக்குக் கடன் இருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலே ஒரு பயம் இருக்கும். அவங்க யாரும் கத்த மாட்டாங்க. சாதாரணக் குரலிலேதான் சொல்லுவாங்க.

நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க. முன் வரிசையிலே ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்கன்னு ஆரம்பத்திலே சொன்னேனே, அது எதிரணித் தம்பி பேச்சுக்காக இல்லை. அவங்கதான் என் வீட்டுக்காரி. தூசி விழுந்திருக்கும். (சிரிப்பு, கைதட்டல்) இப்போவெல்லாம் நான் பேசுற கூட்டத்துக்கு அவங்களும் வர்றாங்க. போறப்ப காரிலே நான்தான் ஓட்டறேன். வழியிலே அவங்க பேசுறது கேட்கிற வேகத்திலேதான் ஓட்டறேன். அதனாலேதான் இன்னைக்கு அரங்கத்துக்குப் பத்து நிமிஷம் லேட்டு. மன்னிச்சுக்குங்க.

அலாஸ்கா எல்லையை நான் இன்னும் பார்க்கலை. பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன். குடும்பம் சிறக்கத் தேவை நிதானமே, நிதானமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொண்டு, மேடையை விட்டு மெதுவாக இறங்குகிறேன்.

(நீண்ட கைதட்டல்)